கூடை பின்னிய கை, நடக்காத கால்: காலடி எண்ணிக்கை தவறிய ஒரு நிகழ்வு ஆய்வு

சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் ஆறு மாதப் பதிவு இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம். அவர் கையில் கட்டியிருந்த ஃபிட்னஸ் பேண்ட், உட்கார்ந்து ஒயர் கூடை பின்னும்போது கை அசைந்ததை எல்லாம் நடையாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்த எண்ணை நம்பி வீட்டில் அவருடைய சாப்பாடு குறைக்கப்பட்டது. மருத்துவமனையில் இரண்டாவது மாத்திரை எழுதும் கட்டம் வரை போனது. பேண்ட் கட்டிக்கொண்டு கைத்தொழில் செய்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கவனிக்கும் செவிலியர், பிசியோதெரபிஸ்ட், வீட்டார் ஆகியோருக்காக இதை விரிவாக எழுதுகிறோம்.

பின்னணி

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பெண், வயது 53. டைப் 2 சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும் எடுத்துவந்தார். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. அதற்கென மாத்திரை எதுவும் இல்லை. எடை 68 கிலோ. கண், சிறுநீரகப் பரிசோதனைகளில் குறை இல்லை. பாதத்தில் மட்டும் அதிர்வு உணர்வு சற்றுக் குறைந்திருந்ததால் எம்.சி.ஆர். செருப்பு (பாதம் படும் இடத்தில் மெத்தென்ற ரப்பர் வைத்தது) கொடுக்கப்பட்டிருந்தது. பதிவு தொடங்கும்போது எச்பிஏ1சி, அதாவது முந்தைய இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, 8.1 சதவீதம்.

தொழில் ஒயர் கூடை பின்னுவது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை, சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு உட்கார்ந்தால் நாலரை வரை, ஆக ஐந்து மணி நேரம் தரையில். ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, கூடையின் அடிப்பகுதியைத் தொடையோடு அணைத்துக்கொண்டு பின்னுவார். அடியும் உடலும் இவர் பொறுப்பு. கைப்பிடி சுற்றி முடிப்பது பக்கத்து வீட்டுப் பெண். இந்தப் பிரிவினைக்கு இந்த ஆய்வில் ஒரு முக்கியத்துவம் உண்டு, பின்னால் வரும்.

மருத்துவர் சொன்னது வழக்கமான அறிவுரைதான்: வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம், கொஞ்சம் வேகமாக நடக்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு. சென்னையில் வேலை பார்க்கும் மகன் அம்மாவுக்கு ஒரு பேண்ட் வாங்கி அனுப்பி, தன் போனிலும் கணக்கைப் பார்க்கும்படி ஆப்பை இணைத்து, நாளுக்கு 7,000 காலடி என்று இலக்கும் வைத்துக் கொடுத்தார். இடக்கையில் ஏற்கெனவே கைக்கடிகாரம் இருந்ததால் அவர் பேண்டை வலக்கையில் கட்டிக்கொண்டார்.

முதல் மூன்று மாதம்

முதல் இரண்டு வாரம் மாலையில் ஊர்க் கண்மாய்க் கரை வரை போய்வந்தார். அந்த நாட்களில் ஆப்பில் பத்தாயிரத்தைத் தாண்டிய எண்கள் இருக்கின்றன. அப்புறம் ஒன்று நடந்தது. பிற்பகல் மூன்றரை மணி வாக்கில், கூடையை மடியில் வைத்திருக்கும்போதே பேண்ட் அதிர்ந்து, இலக்கு முடிந்துவிட்டது என்று காட்ட ஆரம்பித்தது. இலக்கு முடிந்த பிறகு நடக்கப் போவானேன்? மாலை நடை வாரத்துக்கு மூன்று நாளாகி, ஒரு நாளாகி, நின்றுபோனது.

மூன்று மாத முடிவில் ஆப் காட்டிய சராசரி நாளுக்கு 7,400 காலடி. எச்பிஏ1சி 8.3. எடை அதே 68.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த வீட்டார் வந்த முடிவு, அவர் மறைவாக இனிப்பு சாப்பிடுகிறார் என்பது. மதியச் சோறு பாதியாகக் குறைக்கப்பட்டது. இரவில் இரண்டு இட்லியோடு சரி. பிற்பகலில் தலைசுற்றலும் அசதியும் இருப்பதாக அவர் சொன்னதைக்கூட யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரில் வந்த மகன் கேட்டது இது: “பேண்ட் பொய் சொல்லாதுல்ல சிஸ்டர்? நடை சரியா இருக்கு, அப்ப சாப்பாட்டுலதானே தப்பு?”

மருத்துவர் பார்வையிலும் கணக்கு அதே திசையில்தான் போனது. நடை போதுமான அளவு இருந்தும் சர்க்கரை ஏறுகிறது என்றால், ஒரு மாத்திரை போதவில்லை என்பதே அடுத்த ஊகம்.

எது இடித்தது

மருந்தைக் கூட்டுவதற்கு முன் வழக்கமாகச் செய்யும் பாதப் பரிசோதனையில்தான் முதல் சந்தேகம் வந்தது. நாள்தோறும் வெளியில் நடப்பவர்களின் செருப்பு அடியில் குதிகால் ஓரமும் பெருவிரல் கீழ்ப்பகுதியும் தேயத் தொடங்கிவிடும். இவருடைய செருப்பில் அச்சுக்கோடுகள் அப்படியே இருந்தன. இது தனியே சான்று ஆகாது. வீட்டில் வேறு செருப்போ வெறுங்காலோ இருந்திருக்கலாம். ஆனாலும் ஆப்பைத் திறந்து நாள் மொத்தத்தை விட்டுவிட்டு மணிவாரி வரைபடத்தைப் பார்க்க அது போதுமான காரணமாக இருந்தது.

வரைபடம் தலைகீழாக இருந்தது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, தண்ணீர் எடுத்து, மாட்டுக்குத் தீனி வைக்கும் ஐந்தரை முதல் ஏழு மணி வரை குட்டைக் கம்பிகள். பத்து முதல் ஒன்று வரையும், இரண்டரை முதல் நாலரை வரையும் உயரமான கம்பிகள். அதாவது அவர் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நடந்ததாகவும், நடமாடிய நேரமெல்லாம் சும்மா இருந்ததாகவும் பதிவாகியிருந்தது.

அதே நேரத்து இதயத் துடிப்பு வரிசை 78 முதல் 84 வரை. ஓய்வில் அவருக்கு 76. வயதை 220-இலிருந்து கழித்தால் 167; மிதமான உடற்பயிற்சி என்று கொள்ள அதில் 64 முதல் 76 சதவீதம் வரை, அதாவது ஏறத்தாழ 107 முதல் 127 வரை துடிப்பு ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் அடிக்கு மேல் எண்ணியும் துடிப்பு நகரவே இல்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால் இந்தச் சான்றை நம்ப முடியாது. இவர் எடுக்கவில்லை.

ஆப்பில் “5 கிலோமீட்டர்” என்றும், எரிந்த கலோரி என்றும் காட்டியதை மகன் சான்றாகச் சுட்டினார். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஜிபிஎஸ் ஓடாத நேரத்தில் அந்தத் தூரம் தனியாக அளக்கப்படுவதில்லை. காலடி எண்ணிக்கையை, உயரத்திலிருந்து கணித்த ஒரு அடியின் நீளத்தால் பெருக்கிச் சொல்வதுதான். கலோரிக் கணக்கிலும் அந்த எண் போய்ச் சேர்கிறது. ஒரே தவறு மூன்று உருவத்தில் தெரிந்தால் மூன்று சாட்சி ஆகிவிடாது.

அவரிடம் பேசியபோது அவர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது: “நான் நடந்தேன்னு ஒருநாளும் சொல்லலையே சிஸ்டர். அதுதான் சொல்லுச்சு. உழைக்கிறதை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுதுன்னு நெனச்சேன்.”

பேண்ட் எப்படி எண்ணுகிறது

பேண்டுக்குள் கால் பற்றிய தகவல் எதுவும் போவதில்லை. அதில் இருப்பது மூன்று திசையிலும் வேக மாற்றத்தை உணரும் ஒரு சிறிய ஆக்சிலரோமீட்டர். நொடிக்குப் பல பத்து முறை அது தரும் அளவுகளைச் சேர்த்து, மெதுவான சாய்வையும் மிக வேகமான நடுக்கத்தையும் வடிகட்டிவிட்டு, மிச்சமுள்ள அலையில் மேடுகளைத் தேடுகிறது மென்பொருள். நடையில் நிமிடத்துக்கு 100 அடி என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1.7 மேடு. கை ஒருமுறை முன்னே போய்ப் பின்னே வருவதற்குள் இரண்டு அடி வைத்துவிடுகிறோம். ஆகவே மணிக்கட்டில் இரண்டு தாளம் கலந்து வரும்: கை வீச்சின் தாளம் ஒன்று, அதைப்போல இரு மடங்கு வேகத்தில் உடல் குலுங்கும் தாளம் இன்னொன்று. இந்த எல்லைக்குள் ஓரளவு சீராக மேடுகள் தொடர்ந்து வந்தால் மென்பொருள் அதை நடை என்று எடுத்துக்கொள்ளும். தப்பாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகப் பல பேண்டுகள் முதல் சில மேடுகளைக் காத்திருந்து பார்த்து, தாளம் தொடர்ந்தால் மட்டும் அவற்றையும் சேர்த்து எண்ணும். அடுப்படியில் நாலு அடி வைத்து நிற்பது கணக்கில் வராமல் போவதற்கும் இதுவே காரணம்.

இனி கூடையைப் பார்ப்போம். நடுத்தர அளவுக் கூடைக்கு ஏழு அடி நீளத்தில் ஒயர் வெட்டி, நடுவில் மடித்து, அடிப்பின்னல் தொடங்குவார். ஓடும் ஒயரை வளையமாக மடித்து, நிற்கும் ஒயரின் நுனியை அதற்குள் கொடுத்து, மிச்ச நீளம் முழுவதையும் முடிச்சு வழியாக இழுத்து வெளியே எடுத்து, இரண்டு கையாலும் எதிர்த்திசையில் சுண்டி இறுக்க வேண்டும். அடிப்பகுதியில் மிச்ச நீளம் மூன்று அடிக்கு மேல். ஒரே இழுப்பில் வராது. வலக்கை உடலை விட்டு விலகிப் போய், திரும்பி வந்து பிடித்து, மறுபடி விலகும். கடைசியில் இரண்டு சுண்டல். பழகிய கையில் இதெல்லாம் நொடிக்கு ஒன்று என்ற அளவில், இடைவெளி பிசகாமல் நடக்கும். விலகும்போது ஒரு மேடு, நின்று திரும்பும்போது இன்னொரு மேடு. நடக்கிற கையின் தாளமும் அதுதான்.

கூடை உயர உயர ஒயர் நுனி குட்டையாகும். வாய்ப்பகுதிக்கு வரும்போது மிச்சம் ஒரு சாண்தான். மணிக்கட்டு அரைச் சாண் நகர்ந்தால் முடிச்சு விழுந்துவிடும். அப்போது மேடுகள் சிறியவை, இடையில் நுனியைத் தேடும் தாமதமும் உண்டு. ஆகவே ஒரே தொழிலில், ஒரே கூடையில்கூட, பொய் எண்ணிக்கை சீராக இருக்காது. அடியும் உடலும் மட்டும் பின்னி, கைப்பிடி வேலையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடும் இவருக்கு அது அதிகமாக விழுந்ததற்கு இந்த ஒயர் நீளமே காரணம். முழுக் கூடையையும் தாமே முடிப்பவருக்கு எண் குறைவாக வந்திருக்கும்.

இந்த வேலையின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். விரல் நுனி காய்த்துப் போகும் வேலை இது. ஆனால் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிச் செலவழிப்பதில் தொடை, பிட்டம் போன்ற பெரிய தசைகளுக்கே பெரும் பங்கு. உட்கார்ந்து செய்யும் பின்னல், தையல் வேலைகளில் உடலின் ஆற்றல் செலவு ஓய்வு நிலையைப் போல 1.3 முதல் 1.8 மடங்கு வரை. சுறுசுறுப்பான நடையில் மூன்று மடங்குக்கு மேல். கை எவ்வளவு அசைந்தாலும் கால் தசை சும்மா இருந்தால் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

செய்த சோதனைகள்

விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. அவர் கொண்டுவந்த ஒயரும், பாதி பின்னிய கூடையும், மருத்துவமனை வராந்தாவும் போதுமானவையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் எண்ணைக் குறித்து, முடிந்த பின் ஒரு நிமிடம் கையை அசைக்காமல் காத்திருந்து, பிறகு மறுபடி குறித்தோம். திரையில் எண் ஏறச் சற்றுத் தாமதமாகும் என்பதால் இந்தக் காத்திருப்பு முக்கியம்.

முதலில் நடை. வாயால் எண்ணி 100 அடி. வலக்கையைத் தாராளமாக வீசி மூன்று முறை நடந்ததில் பேண்ட் 98, 101, 97 என்று காட்டியது. ஆக, பேண்ட் பழுதாகவில்லை. இதை வீட்டார் எதிரிலேயே செய்தது நல்லதாயிற்று. இல்லாவிட்டால் பேண்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று அடுத்த செலவுக்குப் போயிருப்பார்கள். அதே வலக்கையில் காய்கறிப் பையைத் தூக்கி நடந்தபோது 63.

அடுத்து உட்கார்ந்தபடி பத்து நிமிடம் பின்னல். வலக்கையில் பேண்ட், அடிப்பகுதி வேலை: 212. வலக்கை, வாய்ப்பகுதி வேலை: 41. பேண்டை இடக்கைக்கு மாற்றி அடிப்பகுதி: 96. இடக்கை, வாய்ப்பகுதி: 12. இடக்கை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இறுக்கும் சுண்டலில் அதுவும் எதிர்த்திசையில் போகிறது. அதனால்தான் அது பூஜ்ஜியமாகவில்லை. பின்னும்போது மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்ததில் 82. கை இறுகப் பிடித்து இழுக்கும் வேலையில் பேண்டின் ஒளி சென்சார் தடுமாறக்கூடும் என்பதால் விரலால் பார்ப்பதே நம்பகமானது.

ஆப்பில் எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கும் அமைப்பு ஒன்று உண்டு. அது இடக்கை என்றே இருந்தது. அதிகம் புழங்கும் கை என்று மாற்றினால் சில பேண்டுகள் கூர்மையைக் குறைத்துக்கொள்ளும். மாற்றிப் பார்த்ததில் 212 என்பது 150 ஆனது. குறைந்ததே தவிரத் தீரவில்லை.

பழைய மூன்று மாதக் கணக்கைத் துல்லியமாகத் திருத்தி எழுத முடியாது. ஆனால் மணிவாரி வரைபடத்தில் பின்னல் நேரத்து எண்களை மட்டும் கூட்டினால் நாளுக்கு ஏறத்தாழ 4,500 வந்தது. கழித்தால் மிச்சம் 2,900.

எடுத்த முடிவுகள்

இரண்டாவது மாத்திரையை மருத்துவர் உடனே எழுதவில்லை. நடை என்ற சிகிச்சை இன்னும் தொடங்கவே இல்லை, அது தோற்றுவிட்டது என்று எப்படிக் கொள்வது என்பதே காரணம். நிபந்தனையும் வைத்தார்: வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டு முறை 180-ஐத் தாண்டினாலோ, மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 8-க்குக் கீழே வராவிட்டாலோ மாத்திரை சேர்க்கப்படும். உடல் இளைப்பு, அதிகத் தாகம் போன்ற அறிகுறி எதுவும் இல்லாததால் இவருக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தியது. எல்லோருக்கும் பொருந்தும் முடிவு இல்லை இது.

வீட்டாரிடம் பேசுவது மாத்திரை முடிவுக்குச் சமமான முக்கியம் உடையது என்று நினைத்தோம். 212 என்று ஏறிய எண்ணை மகனே தன் கண்ணால் பார்த்தார். குறைத்த சோற்றைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு அல்லது முட்டை என்று பிரித்துக் காட்டினோம். பிற்பகல் தலைசுற்றல் ஒரு வாரத்துக்குள் நின்றது.

கூடை பின்னுவதைக் குறைக்கச் சொல்லவில்லை. அது அவருடைய கைக்காசு. அதை ஒரு எண்ணுக்காக விடச் சொல்வது நியாயமும் இல்லை, நடக்கப் போவதும் இல்லை.

பேண்டை எங்கே வைப்பது என்பதில்தான் அதிக யோசனை ஓடியது. பின்னும்போது கழற்றி வைத்துவிடலாம் என்பது எளிய வழி. முயன்றோம். கழற்றியதை மறுபடி கட்ட மறந்து, மாலை நடை விட்டுப்போனது. நடை பயிற்சி என்ற பொத்தானை அழுத்தி, அந்த நேரத்து எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியும் உண்டு. இளையவர்களுக்கு அதையே முதலில் பரிந்துரைப்போம். ஆங்கில மெனுவில் மூன்று திரை தள்ளிப் போவது இவருக்கு ஒத்துவரவில்லை. இடக்கைக்கு மாற்றினால் பொய் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைகிறது. ஆனால் காலையில் குடத்தை இடது இடுப்பில் வைத்து இடக்கையால் அணைத்தபடி நடக்கிறார். அப்படி 100 அடி நடந்து பார்த்ததில் பேண்ட் 38 என்றது. மெய்யான நடையைத் தொலைப்பதும் பொய் நடையைச் சேர்ப்பது போலவே கெடுதல்.

கணுக்காலில் கட்டுவது பலர் சொல்லும் யோசனை. கால் அசையாமல் எண் ஏறாது என்பது உண்மை. ஆனால் பாதத்தில் உணர்வு குறைந்தவருக்கு, மாலையில் கால் வீங்கும்போது இறுகும் ஒரு பட்டையைக் கணுக்காலில் கட்டக் கூடாது. தோல் உரசிப் புண்ணானாலும் தெரியாமல் போகும். சர்க்கரை நோயாளிக்கு இந்த யோசனையைச் சொல்லும் முன் பாதத்தைப் பரிசோதித்தாக வேண்டும்.

கடைசியில் கிடைத்த வழி இடுப்பு. பேண்டின் பட்டையிலிருந்து, எண்ணும் கருவி உள்ள வில்லையைத் தனியே கழற்ற முடிந்தது. அதை ஒரு சிறிய சுருக்குப் பையில் போட்டு, பாவாடை நாடா மடிப்பில், இடுப்பெலும்புக்கு மேலே, இரண்டு ஊக்கால் குத்தினோம். ஒரு ஊக்கு மட்டும் போட்டுத் தொங்கவிட்டபோது பை தனியாக ஆடி, 100 அடிக்கு 118 காட்டியது. இரண்டு ஊக்கு போட்டதும் 99, 100. பின்னல் பத்து நிமிடம்: 0. குடத்தோடு நடை: 97. வீட்டுக்குள் மிக மெதுவாக நடந்தபோது மட்டும் 81; இடுப்பில் வைக்கும் பல கருவிகளுக்கும் மெதுநடையில் இந்தக் குறை உண்டு. சில மாடல்களில் தோலில் படாவிட்டால் எண்ணுவது நின்றுவிடக்கூடும், ஆகவே 100 அடி சோதனை செய்யாமல் இந்த வழியைப் பின்பற்ற வேண்டாம். இதயத் துடிப்பு இனிக் கிடைக்காது. அதற்குப் பதிலாக, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற பழைய அளவுகோலைக் கற்றுக்கொடுத்தோம்.

இலக்கையும் மாற்றினோம். பத்தாயிரம் என்று எல்லோரும் சொல்லும் எண், டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டான 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் விற்ற காலடி எண்ணும் கருவியோடு பரவியது. மருத்துவ அளவீட்டில் பிறந்தது இல்லை. அவரவர் நடக்கும் உண்மை எண்ணிலிருந்து படியேறுவதே சரி. ஆகவே முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ண மட்டும் சொன்னோம். பிறகு இரண்டு வாரத்துக்கு 500 அடி வீதம் கூட்டுவது. அதிர்ந்து சொல்லும் இலக்கு அறிவிப்பை நிறுத்தினோம். காலை, மதியச் சாப்பாடு முடிந்ததும் நேரே கூடையில் உட்காரும் பழக்கம் இருந்ததால், சாப்பிட்ட பின் பத்து நிமிட நடை, பிறகே ஒயர். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று வெட்டிய ஒயரைக் கொடியில் போட்டு எடுப்பது. இது வேலைக்கும் ஒத்துப்போனது, உட்காரும் நேரத்தையும் உடைத்தது.

பின்பு நடந்தது

முதல் வாரச் சராசரி 3,100. கழித்துப் போட்ட கணக்குக்கு இது பக்கத்தில் வந்தது. ஏழாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்கு விழுந்ததாக அவர் வருந்தினார். விழவில்லை, இருந்த இடமே இதுதான் என்பதைப் பதிவேட்டில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

ஐந்தாவது வாரத்தில் இடது முழங்காலில் வலி. 4,000-த்திலேயே இரண்டு வாரம் நிறுத்தி, தொடைத் தசைப் பயிற்சி சேர்த்தோம். தரையில் கால் மடக்கும் பக்கத்தை மாற்றி மாற்றி உட்காரச் சொன்னதும் உதவியது. அடுத்து ஐப்பசி மழை. கண்மாய்க் கரை சேறானதால் வீட்டுத் தாழ்வாரத்தில் திரும்பித் திரும்பி நடந்தார். அடிக்கடி திரும்பினால் எண் குறையுமோ என்று ஐயம் இருந்தது; தாழ்வாரத்தில் சோதித்ததில் 96, போதுமானது.

பன்னிரண்டு வார முடிவில் சராசரி 5,600. எடை 66.4. எச்பிஏ1சி 7.6. வெறும் வயிற்றுச் சர்க்கரை எந்த முறையும் 180-ஐத் தொடவில்லை. இரண்டாவது மாத்திரை எழுதப்படவில்லை.

இறக்கம் முழுவதையும் நடையின் கணக்கில் எழுத முடியாது. இரவு மெட்ஃபார்மினை அவர் வாரத்தில் ஓரிரு நாள் விட்டிருந்தது பேச்சின் நடுவே தெரியவந்து, அதுவும் அதே நேரத்தில் சரிசெய்யப்பட்டது. தட்டும் மாறியது. எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க இந்தப் பதிவில் வழி இல்லை. மூன்றுமே ஒரே எண்ணால் மறைக்கப்பட்டிருந்தன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பேண்ட் 7,400 என்று காட்டியவரை, மாத்திரை ஒழுங்காக எடுக்கிறாரா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

நடைமுறையில் மாறியவை

பேண்டோடு வரும் ஒவ்வொருவரிடமும் இப்போது முதல் நாளே கேட்கப்படும் கேள்வி: உட்கார்ந்தபடி கையால் என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கை அதிகம் ஆடும்? பூ கட்டுவது, பீடி சுற்றுவது, ஆரி வேலை, குரோஷே, பாய் பின்னுவது, சப்பாத்தி தேய்ப்பது என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பதில் வருகிறது. “வேலை எதுவும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்” என்பவர்களில் பலர் நாளுக்கு நாலு மணி நேரம் பூ கட்டுகிறார்கள்.

பதில் ஆம் என்றால் இரண்டு சோதனை அங்கேயே நடக்கும். கை வீசி 100 அடி. 95-க்கும் 105-க்கும் இடையில் வந்தால் பேண்ட் நடையைச் சரியாக எண்ணுகிறது. பிறகு அவர்களுடைய தொழிலை உட்கார்ந்தபடி பத்து நிமிடம், கருவிகளோடு. சும்மா கையை ஆட்டிக் காட்டச் சொல்வதில் பயன் இல்லை, ஒயரின் நீளமும் ஊசியின் இழுப்பும் இருந்தால்தான் மெய்யான தாளம் வரும். பத்து நிமிடத்தில் 20-க்கு மேல் ஏறினால் மணிக்கட்டு எண்ணைச் சிகிச்சை முடிவுக்கு எடுப்பதில்லை. இந்த 20 நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை. ஐந்து மணி நேர வேலைக்கு அது 600 அடி ஆகும், அதற்கு மேல் போனால் இரண்டு வாரத்து முன்னேற்றமே மறைந்துவிடும்.

பதிவேட்டில் நாள் மொத்தம் தனியாக எழுதப்படுவதில்லை. மணிவாரி வரைபடத்தின் உயரமான மூன்று மணி நேரம் எவை, அப்போது என்ன வேலை, துடிப்பு எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தே எழுதப்படுகின்றன. பள்ளம் மேடான சாலையில் இருசக்கர வண்டி ஓட்டிய நேரம் இருந்தால் அதையும் கேட்கிறோம்; கைப்பிடியின் அதிர்வும் சில சமயம் எண்ணாகிவிடும்.

இடுப்புப் பையும் எல்லாத் தொழிலுக்கும் தீர்வாகாது. கைத்தறியில் பலகை மிதிக்கும்போது இடுப்பும் சேர்ந்து ஆடுகிறது. மிதி தையல் மெஷினில் கணுக்கால் நிற்காமல் அசையும். அங்கே கணுக்காலில் கட்டினால் இந்தக் கூடைக் கதை காலில் நடக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் அந்தந்த இருக்கையில் உட்காரவைத்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

இவருக்கு அடுத்த எச்பிஏ1சி இன்னும் மூன்று மாதத்தில். இலக்கு 7. பக்கத்து வீட்டுப் பெண் ஊர் மாறிப் போவதால் கைப்பிடி வேலையும் இனி இவர் கைக்கே வருகிறது. உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணி கூடும் என்கிறார். மாலை நடைக்கான நேரத்தை அதற்கு முன்னே ஒதுக்கி, ஐந்து மணிக்கு என்று பதிவேட்டில் குறித்திருக்கிறோம்.